ஏறும் கால், இறங்கும் கால்

கோவளம்,
ஜூலை 7

அன்புள்ள சியாமளா,

இங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது. உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே? தங்கை கல்யாணி என்னை முன்னறையில் ஜன்னலோரம் படுக்க வைத்திருக்கிறாள். கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. மணிக்கு ஒரு தரம் "அண்ணா, ஏதாவது வேணுமா?" என்று கேட்டுக் கேட்டே என்னை நிரந்தர நோயாளியாக்கிவிடுவாள் போலிருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். புதன்கிழமை போனில் நான் "சாப்பிட்டாயா?" என்று கேட்டேன். நீ மூன்று முறை "என்ன, என்ன?" என்றாய். பிறகு அழுதாய். வாதம் வந்ததிலிருந்து என் நாக்கு குழறுகிறது. இடது காலும் இடது கையும் போனது போதாதென்று இது வேறு. ஆனால் வலது கை சொன்னபடி கேட்கிறது, கையெழுத்து குழறவில்லை. இனி எனக்கும் உனக்கும் தபால்காரர்தான் வாய். வீடியோ காலும் வேண்டாம். படுத்துக் கிடக்கிற முகத்தை நீ பார்த்தது போதும்.

நான் கோபித்துக்கொண்டு வந்தேன் என்று நீ நினைப்பதாகக் கல்யாணி சொன்னாள். கோபம் உன் மேல் இல்லை, அந்த நாற்காலி மேல். இரண்டாவது மாடியிலிருந்து நாலு பேர் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்களே, முதல் மாடித் திருப்பத்தில் நாற்காலிக் கால் ஒடிந்து நான் சரிந்தேனே, எதிர்வீட்டுக் கதவு திறந்து எல்லாரும் பார்த்தார்களே. வேட்டி விலகியிருந்ததை நீ ஓடிவந்து சரிசெய்தாய். ஐம்பத்தேழு வயதில் அது எனக்கு வேண்டாம் சியாமளா.

அதனால்தான் சொல்லிவிட்டு வந்தேன், இப்போது எழுதியும் கொடுக்கிறேன். நம் வீட்டுக்கு முப்பத்தாறு படி. அந்த முப்பத்தாறையும் என் காலால் ஏறித்தான் உள்ளே வருவேன்.

உன்
ஜானகிராமன்

*

ஊரப்பாக்கம்,
ஜூலை 14

அன்புள்ள உங்களுக்கு,

நான் சௌக்கியம். நீங்களும் கல்யாணியும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

கடிதம் கண்டேன். முப்பது வருடக் குடித்தனத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. பெண் பார்த்துவிட்டுப் போன பிறகுகூட "சம்மதம்" என்று உங்கள் அப்பாதான் எழுதினார். வாதம் வந்துதான் வாய் திறக்க வேண்டியிருந்திருக்கிறது.

நான் அழுதது உங்கள் பேச்சு புரியாமல் அல்ல. புரிந்துதான் அழுதேன். போகட்டும், கடிதமே எழுதுவோம். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளின் கையெழுத்தைப் படிக்கிறவளுக்கு உங்கள் கையெழுத்து பெரிய விஷயமில்லை.

இங்கே ஒரு புதுமையும் இல்லை. காலை ஏழேகாலுக்குக் கிளம்பிக் கூடுவாஞ்சேரி போகிறேன், ஐந்தரைக்கு வருகிறேன். ஒரு ஆளுக்குச் சமைக்கக் கை வரவில்லை. குழம்பு மிஞ்சுகிறது. சனிக்கிழமை உங்களைப் பார்க்க வருகிறேன். அந்த உடற்பயிற்சி டாக்டரம்மாவையும் பார்க்க வேண்டும்.

வைராக்கியம் இருக்கட்டும், அவசரம் வேண்டாம்.

உங்கள்
சியாமளா

*

கோவளம்,
ஜூலை 28

அன்புள்ள சியாமளா,

ஊர் போய்ச் சேர்ந்தாயா, கால் வீக்கம் எப்படி? போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாய். நீ என்னைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது என்று டாக்டரம்மா காயத்ரி சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அந்தப் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது, நெளிவு சுளிவாகப் பேசத் தெரியாது. ஆனால் தொழில் தெரியும்.

நீ போன பிறகு அவள் என்ன செய்தாள் தெரியுமா? உடம்பு எடை பார்க்கிற மிஷின் இரண்டைத் தரையில் போட்டு, ஒன்றில் வலது காலையும் இன்னொன்றில் இடது காலையும் வைத்து நிற்கச் சொன்னாள். என் எடை அறுபத்துநான்கு கிலோ. வலது காலில் ஐம்பது, இடது காலில் பதினான்கு. "இதுதான் சார் விஷயம். இடது கால் செத்துப் போகல. நீங்க அத வேலைக்குக் கூப்பிடவே இல்ல. மேடம் இடது பக்கம் பிடிச்சப்போ அந்தப் பதினாலும் அவங்க தோளுக்குப் போச்சு" என்றாள்.

கல்பாக்கத்தில் முப்பது வருடம் அளவுமானி முள்ளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவனிடம் வேறு எப்படிச் சொல்ல முடியும்? முள் பொய் சொல்லாது. அதனால்தான் உன்னை இனி வராதே என்கிறேன். நீ பக்கத்தில் வந்தால் என் உடம்பு தானாக உன் மேல் சாய்ந்துவிடுகிறது. முப்பது வருடப் பழக்கம். நானே கூப்பிடுகிறேன், அப்போது வா.

காலை ஆறரைக்கு ஜெபகுமார் ஆட்டோ கொண்டுவருவார். முன்பு கடலுக்குப் போனவர், இப்போது ஆட்டோ. தினமும் அதே கேள்வி: "இன்னா சார், காலு இன்னிக்கி நம்ம பேச்ச கேக்குதா?" காயத்ரியிடம் போனால் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து தரம் எழுந்து உட்கார வேண்டும். பிறகு இடது காலில் பாரம் ஏற்றி நிற்பது. பிறகு போனில் டிக் டிக் என்று தாளம் வைத்து, அதற்குத் தகுந்தபடி நடப்பது. முட்டி மடங்காததால் நான் காலை அரிவாள் வீசுகிற மாதிரி வெளியே வீசி நடக்கிறேனாம். "இடுப்ப வீசாதீங்க சார். முட்டிய மடக்குங்க, குதிகால் முதல்ல தரைய தொடணும்" என்று கத்துகிறாள். குழந்தைகூடக் கற்றுக்கொடுக்காமல் நடக்கிறது. எனக்குப் பாடம்.

நாலு மாதத்தில் முடித்துவிட வேண்டும். அவளைக் கேட்டால் "பார்க்கலாம் சார்" என்கிறாள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்?

ஜானகிராமன்

*

ஊரப்பாக்கம்,
ஆகஸ்ட் 9

அன்புள்ள உங்களுக்கு,

இங்கு நலமே. உங்கள் ரத்த அழுத்த மாத்திரை தீரும் தேதி பதினைந்து, கல்யாணியிடம் சொல்லுங்கள்.

வராதே என்றால் வரவில்லை. என் தோள்தான் உங்கள் காலைக் கெடுத்தது என்று ஒரு சின்னப் பெண் சொல்லிவிட்டாள், நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள். எனக்கு வலித்தது. வலித்தது என்று எழுதுவதில் என்ன தப்பு? மூன்று நாள் கழித்து யோசித்தால் அவள் சொன்னது சரி என்றும் பட்டது. அதற்காக வலி போய்விடுமா?

காயத்ரியிடம் போனில் பேசினேன். நன்றாகப் பேசினாள்.

ஒன்று கேட்கிறேன், உடனே எகிற வேண்டாம். பக்கத்துத் தெருவில் கீழ்வீடு ஒன்று காலியாகிறதாம். வாசலில் படியே இல்லை. ஆவணியில் போனால் நல்லது. புரட்டாசி பிறந்துவிட்டால் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். நீங்கள் சரி என்றால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அடுத்த மாதமே வீட்டுக்கு வந்துவிடலாம், பயிற்சியை இங்கே தொடரலாம். எனக்கும் வீட்டில் பேச ஆள் வேண்டாமா?

உங்கள்
சியாமளா

*

கோவளம்,
ஆகஸ்ட் 18

சியாமளா,

நான் சுகம். நீயும் அப்படியே இரு.

கீழ்வீடு வேண்டாம். படியில்லாத வீடு, பிறகு கைப்பிடி வைத்த கக்கூஸ், பிறகு சக்கர நாற்காலி. ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தால் கடைசியில் என்ன மிச்சம்? கீழ்வீட்டுக்குப் போனால் நான் ஊரப்பாக்கத்துக்கே வரமாட்டேன். இதை இதோடு விடு.

காயத்ரி நன்றாகப் பேசினாள் என்று எழுதியிருக்கிறாய். என்ன பேசினாள் என்று ஏன் எழுதவில்லை?

இடது காலில் இன்று பத்தொன்பது கிலோ.

ஜானகிராமன்

*

ஊரப்பாக்கம்,
செப்டம்பர் 15

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பதாகக் கல்யாணி சொன்னாள். நானும் இருக்கிறேன்.

பதில் தாமதமாகிவிட்டது. காலாண்டுப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் வேலை. முதுகு வலி வேறு, கொஞ்சம் பாரம் தூக்கிவிட்டேன். இப்போது பரவாயில்லை.

காயத்ரி உங்களைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசினாள். இவ்வளவு பிடிவாதமான ஆளைப் பார்த்ததில்லை என்றாள். அது எனக்குத் தெரியாதா?

உங்களுக்கு முக்கியமாக ஒன்று எழுத வேண்டும். இன்றைக்கு முடியவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
சியாமளா

*

கோவளம்,
செப்டம்பர் 22

என் அன்புள்ள சியாமளா,

முதுகுக்குத் தைலம் தேய்த்தாயா? பரீட்சைத்தாள் கட்டுகளைத் தூக்க வேறு ஆள் இல்லையா அந்தப் பள்ளிக்கூடத்தில்?

செய்தி கேள். ஆறு! கல்யாணி வீட்டு மொட்டைமாடிப் படியில் நேற்று ஆறு படி ஏறினேன். யாரும் பிடிக்கவில்லை. வலது கை கைப்பிடியில், வலது கால் முதலில் மேலே, பிறகு இடது காலை அதே படிக்குத் தூக்க வேண்டும். இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். ஆறாவது படியில் நின்று பார்த்தேன், தென்னைக்கு நடுவே கடல் தெரிந்தது. கல்யாணி கீழே நின்று அழுதாள். ஜெபகுமார் விசில் அடித்தார். "சார், இன்னும் முப்பதுதான் பாக்கி, ஊதித் தள்ளிடுவ" என்றார்.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இராத்திரி முழுக்கப் புரண்டேன். போனைக்கூட எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். வாயால் சொல்வதை ஏறி வந்து நேரில் சொல்கிறேன்.

இப்போது நீ எனக்கு ஒரு வேலை செய்ய வேண்டும். நம் படிக்கட்டை அளந்து எழுது. ஒவ்வொரு படியும் எத்தனை அங்குல உயரம், எத்தனை அங்குல அகலம்? கைப்பிடி ஏறும்போது எந்தப் பக்கம்? நடுவில் எங்காவது விட்டுப்போகிறதா? அதற்குத் தகுந்தபடி இங்கே பயிற்சி செய்ய வேண்டும்.

முக்கியமாக ஏதோ எழுத வேண்டும் என்றாயே, என்ன அது?

உன்
ஜானகிராமன்

*

ஊரப்பாக்கம்,
அக்டோபர் 20

அன்புள்ள உங்களுக்கு,

நலம்தானே? இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. நீங்கள் ஈரத் தரையில் நடக்கும்போது ஜாக்கிரதை.

ஆறு படி ஏறியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தோஷத்தில்தான். உங்கள் கடிதம் என் கைக்கு வர வெகு நாள் ஆகிவிட்டது, மழையில் தபால் தாமதம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அளவு கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். படி உயரம் ஆறரை அங்குலம், அகலம் பத்து. ஏறும்போது கைப்பிடி வலது பக்கம், இடது பக்கம் சுவர். முதல் மாடித் திருப்பத்தில் இரண்டடி தூரத்துக்குக் கைப்பிடியே இல்லை. முப்பத்தாறுதானா என்று இரண்டு தரம் எண்ணினேன். முப்பத்தாறுதான்.

முக்கியமான விஷயம் ஒன்றுமில்லை. ஏதோ நினைப்பில் எழுதியிருப்பேன்.

தீபாவளிக்கு நானே அங்கு வரட்டுமா? ஒரு நாள் மட்டும். பக்கத்தில் நிற்கமாட்டேன், தூர நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

உங்கள்
சியாமளா

*

கோவளம்,
நவம்பர் 5

சியாமளா,

நலம் விசாரித்து என்ன ஆகப் போகிறது, பதில் வருவதற்குள் நிலவரம் மாறிவிடுகிறது. உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள்தான் வந்தது. வரட்டுமா என்று கேட்டாயே, கல்யாணிக்கு ஒரு வார்த்தை போனில் சொல்லியிருந்தால் வா என்றிருப்பேன். தலை தீபாவளியிலிருந்து ஒரு தீபாவளிகூட நாம் பிரிந்திருந்ததில்லை. கல்யாணி எண்ணெய் வைத்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் மேல் காட்டிவிட்டேன், பாவம்.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நீ நான் இல்லாமல் பழகிவிட்டாய். முதலில் ஒரு வாரத்தில் பதில் வந்தது, இப்போது ஒரு மாதம் ஆகிறது. அதுவும் ஏதோ பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கை மாதிரி. செம்பருத்தி பூத்ததா, மின்சார ரயில் சத்தத்தில் தூக்கம் வருகிறதா, வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. வேலைக்கு உதவாத மனுஷன் ஒருவன் வீட்டில் இல்லாதது நிம்மதியாகக்கூட இருக்கலாம். அப்படியானால் சொல்லிவிடு, நான் எதற்குப் படி ஏறிச் சாகிறேன்?

இருபத்துநாலு படி ஏறுகிறேன். பதினெட்டு ஏறி, மறுபடி கீழே வந்து ஆறு. இடது காலில் இருபத்தேழு கிலோ. கைத்தடி ஒன்று போதும்.

காயத்ரியோடு தினமும் சண்டை. "ஏறுறத மட்டும் பண்றீங்க, எறங்குறத எப்ப சார் கத்துப்பீங்க? எறங்கும்போது கைப்பிடி உங்க இடது பக்கம் வரும், அந்தக் கை பிடிக்காது. திரும்பி நின்னு, மேல பாத்துக்கிட்டே, இடது கால முதல்ல கீழ வச்சு பின்னாடி எறங்கணும். வாங்க, காட்றேன்" என்று கையைப் பிடித்து இழுக்கிறாள். இரண்டு தரம் செய்தேன், தலை சுற்றியது, விட்டுவிட்டேன். ஏறி முடித்ததும் ஜெபகுமார் என் இடுப்பைப் பிடித்துப் பாதி தூக்கி இறக்கிவிடுவார். அது போதும். நான் வீட்டுக்குப் போகத்தான் ஏறுகிறேன். போய்விட்டால் எதற்கு இறங்குவது?

ஜானகிராமன்

*

கோவளம்,
டிசம்பர் 1

சியாமளா,

சுகமா? பதில் இல்லை. இருக்கட்டும்.

நேற்று முப்பத்தாறு முடிந்தது. மொட்டைமாடிக்கு இரண்டு தரம், மழை விட்ட இடைவெளியில்.

பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை காலை வருகிறேன். ஜெபகுமார் ஆட்டோவில் வருவேன். கல்யாணியிடம் சொல்லவில்லை, சொன்னால் கூடவே வந்து பின்னால் நிற்பாள். அன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் இரு. கீழே வந்து நிற்காதே. மேலே, கதவுக்கு உள்ளே இரு. மணி அடித்ததும் திற. அது போதும் எனக்கு.

உன்
ஜானகிராமன்

*

ஊரப்பாக்கம்,
டிசம்பர் 10

என் அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை, மூன்று மாதமாகவே இல்லை.

உங்கள் நவம்பர் மாதக் கடிதத்தை வைத்துக்கொண்டு இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன். நான் உங்களை விட்டுப் பழகிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியில்லை.

நாம் அந்த மாடிவீட்டில் இல்லை. ஆவணி கடைசியில் நான் கீழ்வீட்டுக்கு மாறிவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்று எழுதிய பிறகுதான் மாறினேன். காயத்ரி போனில் பேசியது இதுதான்: படி ஏற ஒரு வருடம் ஆகலாம், ஏறாமலே போகலாம், உறுதி சொல்ல முடியாது. நீங்கள் ஏற மாட்டீர்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அதுதான் உண்மை, வேறு சாக்கு சொல்ல மாட்டேன். வீட்டை மாற்றிவிட்டுச் சொன்னால் நாலு நாள் கத்துவீர்கள், பிறகு வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். பால் காய்ச்சிவிட்டு எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. பிறகு உங்கள் "ஆறு!" கைக்கு வந்தது. அந்த ஆச்சரியக்குறியைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வேன், நீங்கள் ஏறுகிற படி நம்முடையது இல்லை என்று? ஒவ்வொரு கடிதத்துக்கும் படி கூடிக்கொண்டே போனது, எனக்கு வாய் அடைத்துக்கொண்டே போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். கல்யாணிக்கும் தெரியாது.

உங்கள் கடிதங்கள் பழைய வீட்டுக்குத்தான் வருகின்றன. அங்கே குடிவந்திருக்கும் சுஷ்மிதா என்ற பெண் வாங்கி வைப்பாள், நான் ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வருவேன். அதனால்தான் அத்தனை தாமதம், தபால்காரர் மேல் தப்பில்லை. படிக்கட்டை அளந்தபோது அவள்தான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தாள். இப்போது பத்து நாளாக அவள் தாய்வீடு போயிருக்கிறாள், கதவு பூட்டியிருக்கிறது. நீங்கள் இதற்குள் ஏதாவது எழுதியிருந்தால் நான் இன்னும் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவளம் வருகிறேன். திட்ட வேண்டியதைத் திட்டுங்கள். நேரில் முதலில் சொல்லத் தைரியமில்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

சியாமளா

*

ஊரப்பாக்கம்,
டிசம்பர் 12, மாலை நான்கு மணி

சியாமளா,

இதில் தபால் தலை இல்லை. உன் புது வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் நலத்தை இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் கண்ணாலேயே பார்த்துவிடுவேன். காகிதம் சுஷ்மிதா கொடுத்தது. எழுதாமல் வாயால் ஆரம்பித்தால் குழறும், கத்துவேன், தெரு கூடும். முதலில் இதைப் படி.

காலை பத்தரைக்கு ஜெபகுமார் இறக்கிவிட்டார். "நான் பின்னாடியே வர்றேன் சார். புட்சிக்க மாட்டேன், சும்மா வர்றேன்" என்றார். மாட்டேன் என்றேன். "நான் இனி இறங்கப் போறதில்ல, நீங்க கிளம்புங்க" என்று அனுப்பிவிட்டேன். ஏறினேன். பை தோளில், கைத்தடி மணிக்கட்டில். நீ எழுதியபடியே ஆறரை அங்குலம், கைப்பிடி வலது பக்கம். முதல் மாடித் திருப்பத்தில் அந்த இரண்டடிக்குக் கைத்தடியை ஊன்றிக் கடந்தேன். இருபத்திரண்டு நிமிடம். மேலே போனதும் சட்டையைச் சரிசெய்து, தலையை வாரி, மூச்சு அடங்கும்வரை நின்றேன். நீ என்னைப் பார்க்கும்போது நான் இரைக்கக் கூடாது என்று. பிறகுதான் மணி அடித்தேன்.

காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் திறந்தாள். பின்னால் யார் வீட்டு சோபாவோ. மாடி மாறி வந்துவிட்டேன் என்று நினைத்துப் படியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் கைத்தடியைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க சியாமளா மேடம் வீட்டு சாரா?" என்றாள். உள்ளே போய் ஒரு கடிதத்தை எடுத்து வந்து நீட்டினாள். "நேத்துதான் ஊர்லேர்ந்து வந்தோம் சார். கதவுக்கடியில கெடந்தது. மேடம்கிட்ட குடுக்கணும்னு வச்சிருந்தேன்." அது என் கடிதம். பன்னிரண்டாம் தேதி வருகிறேன் என்று நான் எழுதியது. நான் வருவதாக எனக்கே தகவல் வந்து சேர்ந்தது.

அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தக் காகிதம் போதாது. ஐந்து மாதம் சியாமளா. ஐந்து மாதமாக ஒவ்வொரு படிக்கும் உன் முகத்தை நினைத்து ஏறினேன். நீ கதவைத் திறப்பாய் என்று ஏறினேன். அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தாள், எல்லாம் சொன்னாள். நான் குழந்தை மாதிரி அழுதேன், அவள் முன்னாலேயே.

அவள் புருஷன் ஹரிஹரன் வந்தான். நல்ல பிள்ளை. "கவலைப்படாதீங்க சார், கீழ ரெண்டு பேர கூப்பிடறேன். சேர்ல ஒக்காருங்க, நிமிஷத்துல எறக்கிடலாம்" என்று சொல்லிச் சாப்பாட்டு மேஜை நாற்காலியை வெளியே இழுத்தான். வேண்டாம் என்றேன். சொன்ன பிறகுதான் கீழே பார்த்தேன். கைப்பிடி என் இடது பக்கம். செத்த கைப் பக்கம்.

காயத்ரி ஐந்து மாதம் தொண்டை கிழியக் கத்தியது அப்போதுதான் காதில் விழுந்தது. திரும்பி நின்றேன். வலது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இடது காலைப் பின்னால் விட்டேன். தரை எங்கே என்று தெரியவில்லை. அந்தக் காலை நம்பி அறுபத்துநாலு கிலோவை எப்படிக் கீழே கொண்டுபோவது? முதல் படியிலேயே ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். சுஷ்மிதா மேலே நின்று, "வச்சிட்டீங்க சார், கால் கீழ பட்டிடுச்சு, வச்சிட்டீங்க" என்றாள். வைத்தேன். பிறகு ஒவ்வொரு படியிலும் அவள் கூடவே இறங்கி வந்து சொல்ல, நான் வைத்தேன். திருப்பத்தில் கைப்பிடி இல்லாத இடத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து நகர்ந்தேன். முப்பத்தாறு படியும் நம் பழைய வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே இறங்கினேன். ஐம்பது நிமிடம். ஏறும்போது வராத வேர்வை.

பிறகு தெரு முழுக்க நடந்து இங்கே வந்தேன். சுஷ்மிதா பையை மட்டும் தூக்கி வந்தாள், கையைத் தொடவில்லை.

வாசலில் இவ்வளவு நேரம் வேறு வேலை இல்லாததால் யோசித்தேன். நீ என்னை நம்பவில்லை. அது இன்னும் எரிகிறது, இனியும் எரியும். ஆனால் ஒன்று உண்டு. நான் பழகியது ஏறி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ள மட்டும்தான். அதன் பிறகு ஒவ்வொரு செக்கப்புக்கும் என்னை யார் இறக்கியிருப்பார்கள்? மறுபடி நாலு பேர், மறுபடி நீ என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு. அதை நீ நினைத்தாய், நான் நினைக்கவில்லை. ஆனாலும் நீ சொல்லியிருக்க வேண்டும். மாறுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். நான் கத்தியிருப்பேன்தான், அதற்காகச் சொல்லாமல் விடுவதா? இரண்டு நாளாவது உன்னோடு சண்டை போடுவேன். குழறித்தான் போடுவேன், பொறுமையாகக் கேள்.

உன் வீட்டுக்கார அம்மா எல்லம்மாள் எனக்கு டீ கொடுத்தார். உனக்குப் போன் போடட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். உள்ளே போய் உட்காரலாமா என்று கேட்டதற்கு, "இந்த வூட்டுக்கு ஒரே சாவிதான் சார். டீச்சரம்மா கையிலதான் கீது. நீ வருவேன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

நாளைக்குக் காலையில் அந்தச் சாவியைக் கொடு. ஸ்டேஷன் பக்கம் பூட்டுக் கடை இருக்கிறதாம். நான் தனியாக நடந்து போய் எனக்கு ஒன்று செய்துகொண்டு வருகிறேன்.

ஜானகிராமன்